2023-இல் தயாரான அட்டோ 3: பழைய ஸ்டாக் எடுத்து இரண்டு வருடம் ஓட்டிய அனுபவம்

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்குப் பக்கம். என் கார் பிஒய்டி அட்டோ 3 என்ற மின்சாரக் கார், ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் போகும் எக்ஸ்டெண்டட் ரேஞ்ச் வகை. தயாரானது 2023-இல், என் பெயரில் பதிவானது 2024 தொடக்கத்தில். கிரானில், அதாவது கார்ப் பதிவுப் பத்திரத்தில், தயாரான வருடம் தனியாக இருக்கும். வாங்கும்போது அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். விற்கப் போனால் பட்டர்வொர்த் பழைய கார் வியாபாரி முதலில் பார்ப்பது அதைத்தான். விளம்பரங்களில் "2023/2024" என்று சாய்கோடு போட்டு எழுதுவார்களே, அது இந்தக் கணக்குதான்.

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. கையிருப்பில் நின்ற 2023 காரை ஐந்து இலக்கத் தள்ளுபடியோடு எடுக்கலாம். இல்லாவிட்டால், கொஞ்சம் மெருகேற்றிய அடுத்த வருடத்து மாடலுக்குக் காத்திருக்கலாம். புதியதில் என்ன கூடுதல் என்று பார்த்தேன். நடுத் திரை 12.8 அங்குலத்திலிருந்து 15.6 ஆகிறது. பின்கதவில் "பில்ட் யுவர் ட்ரீம்ஸ்" என்று நீளமாக எழுதியிருந்தது போய் மூன்றே எழுத்து வருகிறது. புது நிறம், அங்கங்கே கறுப்பு அலங்காரம். பேட்டரி அதே 60.48 கிலோவாட் மணி, மோட்டார் அதே 150 கிலோவாட். என் மனைவிக்கு அந்த நீள எழுத்து சுத்தமாகப் பிடிக்கவில்லை. "நம்ம கனவ ஊருக்கே எழுதிக் காட்டிக்கிட்டா போகணும்?" என்று கேட்டாள். சரி, அந்த எழுத்தைப் பெயர்த்தெடுக்க எவ்வளவு ஆகப்போகிறது? தள்ளுபடியில் நூறில் ஒரு பங்குகூட வராது. பழையதையே எடுத்தோம்.

இரண்டு வருடம் கழித்தும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எல்லாக் காருக்கும் இதே பதிலைச் சொல்லமாட்டேன். பெட்ரோல் காரில் வருடம் மாறினால் பெரும்பாலும் முன்விளக்கும் பம்பரும்தான் மாறும். மின்சாரக் காரில் அதே பெயரை வைத்துக்கொண்டு உள்ளே பேட்டரியையே மாற்றிவிடுவார்கள். ஹூண்டாய் அயோனிக் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் மலேசியாவுக்கு வந்தபோது பெரிய பேட்டரி 72.6 கிலோவாட் மணி. அப்புறம் உலகச் சந்தையில் அது 77.4 ஆனது, 2024-இல் 84 ஆனது. பின் கண்ணாடிக்கு வைப்பர்கூட முதலில் கிடையாது, பிறகுதான் கொடுத்தார்கள். நம் ஊர் மழையில் அது சின்ன விஷயமா? அந்த மாதிரி காருக்குப் பழைய ஸ்டாக் எடுப்பதென்றால் தள்ளுபடி நன்றாகவே கனக்க வேண்டும்.

சார்ஜ் ஏற்றும் முனையும் அப்படித்தான். 2019-இல் இங்கே வந்த நிசான் லீஃப் சாடெமோ என்ற வகை முனையோடு வந்தது. நாடு முழுக்க வேகச் சார்ஜர்கள் சிசிஎஸ் 2 என்ற வேறு முனைக்கு மாறிவிட்ட பிறகு, நல்ல காராக இருந்தும் அதை வைத்திருப்பவர் நெடுஞ்சாலையில் இடம் தேட வேண்டியிருக்கிறது. மென்பொருளில் உள்ள குறையைப் பிறகு இணையம் வழியாகவே சரிசெய்து அனுப்பலாம். பேட்டரியின் அளவு, டிசி சார்ஜ் வேகம் (வேகச் சார்ஜரில் ஏறும் வேகம்), முனை, கேமரா, ரேடார் எல்லாம் வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசிவரை. வருடத்தைப் பார்க்குமுன் இந்த ஐந்தையும் பாருங்கள். ஐந்தும் ஒன்றாக இருந்தால் பழையதையே எடுத்து மிச்சக் காசைப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஆனால் "பழைய ஸ்டாக்" எவ்வளவு பழையது என்பதை விற்பனையாளர் வாயிலிருந்து வாங்குவது லேசில்லை. "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்பார்கள். சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 17 எழுத்துகளில் பத்தாவது பொதுவாக மாடல் வருடத்தைக் குறிக்கும். 2023 என்றால் பினாங்கு நம்பர் பிளேட்டில் முதலில் வருமே, அந்த பி. 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்று ஓ, கியூ இரண்டையும் விட்டுவிட்டார்கள். அதைவிட நேர்மையான சாட்சி டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம் அந்த டயர் தயாரானது. டயர் வந்த பிறகுதானே காரைக் கட்டி முடித்திருக்க முடியும்!

வெயிலில் மாதக்கணக்கில் நின்ற பேட்டரி கெட்டுப்போயிருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். லித்தியம் பேட்டரியை முழு சார்ஜில், சூட்டில் நிறுத்தி வைத்தால் ஓட்டாமலே அது முதிரும். பாதி சார்ஜில் நின்றால் பாதிப்பு குறைவு. அட்டோ 3-இல் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, சூட்டைத் தாங்குவதில் நிக்கல் வகையைவிடக் கெட்டி. இத்தனை நாளில் ரேஞ்ச் குறைந்ததாக என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. எல்எஃப்பி-க்கு ஒரு குணம் உண்டு. சார்ஜ் நடுப்பகுதியில் இருக்கும்போது அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறவே மாறாது, அதனால் எவ்வளவு மிச்சம் என்று கார் ஊகித்துத்தான் சொல்கிறது. அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்றினால்தான் அந்த ஊகம் நேராகும். நான் ஞாயிறு இரவில் முழுதாக ஏற்றுகிறேன். நீண்ட நாள் நின்ற காரை எடுப்பவர்கள் முதல் சில வாரம் இதைத் தவறாமல் செய்யுங்கள். 12 வோல்ட் சின்ன பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள், நின்ற காரில் முதலில் சோர்வது அதுதான்.

அன்றாட ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடு தரைவீடு, 7 கிலோவாட் சார்ஜர் மாட்டியிருக்கிறோம். பாயான் லெப்பாஸ் வேலை, ஆயர் ஈத்தாம் சந்தை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் அடைத்துக்கொண்டு நிற்கும் நெரிசல், எதற்கும் அலுங்கவில்லை. 2025 ஜூலையில் மின்சார நிறுவனமான டிஎன்பி-யின் கட்டண முறை மாறியபோது நேரவாரித் திட்டத்துக்கு மாறிக்கொண்டோம். வேலை நாளில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரைதான் விலை அதிகம், சனி ஞாயிறு முழுக்கக் குறைவு. பத்து மணிக்கு மேல் ஏற்றும்படி காரில் நேரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

கோலாலம்பூர்ப் பயணம் வேறு கதை. காகிதத்தில் என்இடிசி என்ற பழைய சோதனை முறைப்படி முழு சார்ஜில் 480 கிலோமீட்டர், டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை முறைப்படி 420. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் ஏர்கோண்டோடு போனால் நூறு கிலோமீட்டருக்கு 16, 17 கிலோவாட் மணி தின்கிறது. கணக்குப் போட்டால் 350-ஐ ஒட்டி வரும். பினாங்கிலிருந்து தலைநகரும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் ஒரு நிறுத்தம் கட்டாயம். சிம்பாங் பூலாயிலோ தாப்பாவிலோ நிற்போம். அங்கே 180 கிலோவாட் சார்ஜர் இருந்தாலும் என் கார் 80-ஐச் சுற்றித்தான் வாங்கும். பக்கத்தில் வந்து சொருகியவர் தே தாரிக் ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார், நாங்கள் ரொட்டி சானாயும் சாப்பிட்டு முடிப்போம். அடுத்த வருடத்து மாடலிலும் இந்த வேகம் பெரிதாக மாறவில்லை என்பதால் காத்திருந்தாலும் இதே ரொட்டி சானாய்தான்.

உண்மையான அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2022 டிசம்பரில் அட்டோ 3 எக்ஸ்டெண்டட் இங்கே அறிமுகமான விலை 1,67,800 வெள்ளி (ரிங்கிட்). 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்தபோது 60.22 கிலோவாட் மணி பேட்டரியோடு, அறிமுகச் சலுகையும் சேர்த்து 1,19,800. சந்தை விலையே இப்படி இறங்கும்போது 2023-ஆ 2024-ஆ என்ற ஒரு வருட வித்தியாசம் எம்மாத்திரம்? காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது காட்டிய சந்தை மதிப்பைப் பார்த்து முகம் சுளித்தேன். ஆனால் அதே அறிமுக விலையில் புது மாடலை எடுத்திருந்தால் இன்னும் அதிகம் சுளித்திருப்பேன். தள்ளுபடி முன்கூட்டியே கைக்கு வந்த காசு. பழைய வருடத்துக்கான விலையை விற்கும்போதுதான் கொடுக்கிறோம். எட்டு வருடம் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு சாதகம், மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்குப் பாதகம். உத்தரவாதமும் நம் பக்கம்: பேட்டரிக்கான எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது நம்மிடம் கார் வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து அல்ல. கையெழுத்துப் போடுமுன் அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் சுங்கைப் பட்டாணியிலிருந்து என் மாமா மகன் அதே கேள்வியோடு வந்தான். "அண்ணே, 25 ஸ்டாக்கா, 26-ஆ?" அவனுக்குச் சொன்னது வேறு கணக்கு. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு இருந்த இறக்குமதி வரி, கலால் வரி விலக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கேயே பூட்டித் தயாரிக்கப்படும் கார்களுக்கு 2027 கடைசிவரை உண்டு. அதனால் இறக்குமதிக் கார் என்றால், வரிவிலக்குக் காலத்தில் உள்ளே வந்து இன்னும் விற்காமல் நிற்கும் 2025 காருக்கு மதிப்பு தனி. அதே கார் இனி அந்த விலைக்கு வருவது சந்தேகம். உள்நாட்டில் பூட்டியதென்றால் அவசரமே இல்லை, புதியதையே கேட்கலாம். சாலை வரி விலக்கும் போய்விட்டது, ஆனால் அதற்குப் பயப்பட வேண்டாம். என் 150 கிலோவாட் காருக்கு வருடத்துக்கு 160 வெள்ளிதான்.

அவன் இப்போது ஷோரூம் ஷோரூமாகப் போய் டயர் எண்ணைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.