எம்.பி.ஏ.: வேலையோடா, வேலையை விட்டா?

பகுதிநேரம் என்றால் பாதிப் படிப்பு என்று நினைத்துத்தான் பலர் படிவம் நிரப்புகிறார்கள். கணக்கு வேறு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல். ஆய்வோடு கூடிய 60 கிரெடிட் முதுமாணி, அதாவது 10ஆம் மட்டம், 3,000 மணித்தியாலம் கேட்கும். இரண்டு வருடத்தில் முடிக்க நினைத்தால் கிழமைக்கு 29 அளவில் வரும். சனி, ஞாயிறு விரிவுரைகளில் 14 போகட்டும். மிச்சம் 15க்கு, கந்தோர் விட்டு வந்தபிறகு திங்கள் முதல் வெள்ளி வரை ஏழிலிருந்து பத்து மணிவரை மேசையில் இருக்கவேண்டும். கலியாணவீடு, திருவிழா எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

யாழ். பல்கலைக்கழக முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தில் படிப்பவருக்கு இது கஷ்டம், ஆனால் முடியும். கொழும்பில் வார இறுதி வகுப்பு எடுத்தால் கதை மாறும். வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்து, விடியக் கொழும்பு. ஞாயிறு இரவு திரும்பவும் அதே 400 கிலோமீற்றர். போக வர 15 மணித்தியாலம், கிட்டத்தட்ட கிழமைநாள் படிப்பு முழுவதும். திங்கள் காலை கந்தோரில் கண் சொருகும். முதல் செமஸ்டர் உற்சாகத்தில் ஓடிவிடும், மூன்றாவதில்தான் வரவு குறைந்து பரீட்சை எழுத விடாத நிலை வரும். கொழும்புப் பட்டம்தான் வேண்டுமென்றால் இடமாற்றம் எடுத்துக்கொண்டு சேருங்கள்.

முழுநேரம் என்பது எங்களுக்கு அநேகமாக வெளிநாடுதான், ஏனென்றால் உள்ளூர் எம்.பி.ஏ.க்கள் பெரும்பாலும் வேலை செய்பவரை நினைத்து அமைந்தவை. பிரித்தானியாவில் பொதுவாக ஒரு வருடம். இந்தியாவின் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பி.ஜி.பி. என்ற முகாமைத்துவப் படிப்பு இரண்டு வருடம், அனுபவமுள்ளவர்களுக்கான பி.ஜி.பி.எக்ஸ். ஒரு வருடம். அனுமதிக்குக் கேட்கும் ஜிமேட் தேர்வின் புள்ளி ஐந்து வருடம் செல்லுபடியாகும். ஆகவே வேலையில் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

செலவில் எல்லோரும் கட்டணத்தையும் விடுதியையும் எழுதுவார்கள், விட்டுப்போவது சம்பளம். மாதம் 1,50,000 ரூபாய் என்று வைப்போம்: வருடத்துக்கு 18 இலட்சம். தனியார் துறையென்றால் முதலாளி கட்டும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12, ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் சேர்ந்து இன்னும் 2.7 இலட்சம். நாணய ஆபத்து வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. இரண்டாம் தவணைக் கட்டணத்தை ரூபாயில் வைத்திருந்தவர்கள் பட்டபாடு ஊரறியும்.

இவ்வளவு செலவழித்து வாங்குவது என்ன? துறை மாறும் வழி. வங்கிக் கிளையில் இருப்பவர் ஆலோசனை நிறுவனத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ போக நினைத்தால், கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும் வளாக ஆட்சேர்ப்பும் உள்ள முழுநேரம்தான் கை கொடுக்கும் (ஒரு வருடப் படிப்பில் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் இராது, கேட்டுப் பாருங்கள்). வார இறுதியில் படித்து முடித்தவரின் சுயவிபரக் கோவையில் அதே பழைய பதவிதான் நிற்கும். அதே நிறுவனத்தில் பதவி உயர்வுதான் குறியென்றால் வேலையை விடுவது வீண். அவருக்கு யாழ்ப்பாணத்துப் பகுதிநேரமே போதும்.

பகுதிநேரத்தில் தடக்குவது பாடங்களில் குறைவு, ஆய்வேட்டில் அதிகம். வகுப்பு முடிந்ததும் சனிக்கிழமைக் கட்டாயம் போய்விடும், குழு கலைந்துவிடும், மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் போடுவது தள்ளிக்கொண்டே போகும், நீடிப்புக் கட்டணம் ஏறும். இரண்டாம் செமஸ்டர் முடிய முன்னமே தலைப்பை எடுங்கள். உங்கள் கந்தோரிலேயே தரவு கிடைக்கும் தலைப்பாக. தரவு தருவதாக முகாமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை அவர் மாற்றலாகும்வரைதான்.

பதிவுக்கு முதல் பரீட்சைக் கால அட்டவணையைக் கேளுங்கள். வங்கிக்காரருக்கு டிசம்பர் 31 கணக்கு முடிப்பு, பல கம்பனிகளில் மார்ச் 31. பட்டம் 30 கிரெடிட்டா 60ஆ என்பதையும் பாருங்கள். 9ஆம் மட்டத்து 30 கிரெடிட் பட்டம் பதவி உயர்வுக்கு உதவலாம், பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு ஆய்வோடு கூடிய இரண்டு வருடப் பட்டத்தைத்தான் கேட்பார்கள். நிறுவனம் காசு தருகிறதென்றால், எத்தனை வருடம் கட்டாய சேவை, இடையில் விலகினால் முழுத் தொகையா விகிதப்படியா திருப்பிக் கட்டுவது என்பதை ஒப்பமிட முதல் வாசியுங்கள்.