ஃபிரிட்ஜோடு வீடா, வெறும் அடுப்படியா?

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள் முதலில் குழாயைத் திறந்துதான் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா என்று விசாரித்த பிறகே அறைகளுக்குள் நுழைவார்கள். சில ஆண்டுகளாக அதற்கடுத்து இன்னொரு கேள்வியும் வருகிறது: "ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் இருக்கிறதா?" திருநகரில் எங்கள் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் செல்லூரிலும் எல்லீஸ் நகரிலும் பதினாறு ஆண்டுகள் குடியிருந்தவள் நான். வாடகை வாங்கும் கையும் கொடுத்த கையும் ஒன்றுதான் என்பதால், இந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் வழக்கப்படி வாடகை வீடு என்றால் வெறும் வீடுதான். ஒரு கல் மேடை, சிங்க், இரண்டு செல்ஃப், ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவே. ஓனர்களின் கருமித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. கல்யாணச் சீரோடு பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்துவிடும் ஊர் இது. 2011இல் தமிழக அரசு ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு இரண்டு மிக்ஸி உள்ள வீடுகளையும் நிறையப் பார்த்தேன். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஓனர் வைத்திருக்கும் கிரைண்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் சாமான்.

இதில் மனசும் சம்பந்தப்பட்டிருக்கிறது. குடிபோகும் அன்று விடியற்காலையில் பால் காய்ச்சுவது நம் அடுப்பில், நம் பாத்திரத்தில். யாரோ சமைத்துவிட்டுப் போன அடுப்பில் அந்தப் பாலை வைக்க என் மாமியார் சம்மதித்திருக்கவே மாட்டார். சைவக் குடும்பம் ஒன்று, முன்பு மீன் வைத்திருந்த ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று சொன்னால் அதுவும் நியாயம்தான். சாப்பாடு சம்பந்தப்பட்ட விஷயத்தில் மனசு கோணினால் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

வெறும் வீட்டின் கஷ்டம் தெரிவது வீடு மாறும் நாளில். எல்லீஸ் நகரில் இரண்டாவது மாடியிலிருந்து இறங்கியதை நான் மறக்கவில்லை. ஃபிரிட்ஜைக் கயிற்றால் கட்டி, படுக்க வைக்காமல் நிறுத்தியபடியே நான்கு பேர் இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் கைப்பிடிச் சுவர் இடித்து, கதவுக் கீல் வளைந்துவிட்டது. குட்டி யானையில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி, சில மணி நேரம் அப்படியே வைத்திருந்துதான் ஸ்விட்ச் போட்டோம். கதவு அதன் பிறகு சரியாக மூடவே இல்லை. ஐந்து ஆண்டுகள் நைலான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பொருளின் ஆயுளில் கொஞ்சம் குறைகிறது. அந்தச் செலவை யாரும் வாடகைக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது, பொருட்களோடு விடும் வீடு. இதைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் குடும்பமாக வருவதில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கும் பெண்கள், 2004இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு இங்கேயே தங்கி வேலை பழகும் இளம் வழக்கறிஞர்கள், இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி வளாகங்களுக்கு வருபவர்கள். ஓராண்டோ இரண்டு ஆண்டோ இருப்பார்கள். அதற்காக அடுப்பும் ஃபிரிட்ஜும் வாங்கி, போகும்போது பாதி விலைக்குக்கூடப் போகாமல் தள்ளிவிட்டுச் செல்வது அநியாய நஷ்டம். இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணுக்கு ஃபிரிட்ஜில் நாலு நாள் மாவும் ஒரு கிண்ணம் தயிரும் இருந்தால் பாதிப் பசி தீர்ந்த மாதிரி. பரோட்டா எந்தத் தெருவிலும் கிடைக்கும், ஆனால் தினமும் அதைத் தின்று உடம்பு என்ன ஆகும்? இவர்களுக்கு அடுப்பும் ஃபிரிட்ஜும் உள்ள வீடுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைக் காட்டி வாடகையில் மாதம் 500 கூட்டினால் 30 மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஓராண்டு இருப்பவருக்கு 6,000 ரூபாயில் வேலை முடிகிறது, லாபம். ஐந்தாண்டு இருப்பவர் 30,000 கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்.

இதைவிட எனக்கு உறுத்துவது மின்கட்டணம். ஃபிரிட்ஜை வாங்குகிறவர் ஓனர், கரண்ட் பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். அதனால் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி குறைந்த, விலை மலிந்த பெட்டிதான் மாடிக்கு ஏறும். இல்லையென்றால் கீழ்வீட்டில் பழசாகிப்போனது ஏறும். நம் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடுகிறது. கோடையில் ஏசியும் ஓடும் வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜே அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். புதிது வாங்கியதும் கயிறு கட்டிய பழைய பெட்டிக்குக் கீல் மாற்றி மாடியில் வைத்தேன். இரண்டாவது மாதமே அங்கே குடியிருந்த பெண், "அக்கா, உள்ளே பனிக்கட்டி மலை மாதிரி ஏறுகிறது" என்றாள். போய்ப் பார்த்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை ஓர் ஓரத்தில் விறைத்துப் பிளந்திருந்தது, மடிப்புக்குள் கருப்பாகப் பூசணம். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தேன். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. குளிர் முழுவதும் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்கான பணத்தை அவள்தான் கட்டியிருக்கிறாள். அந்தப் பில்லில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனாலும் முழுதும் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பழுது பார்ப்பது என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. கீசர், ஸ்விட்ச், சாக்கெட், சமையலறையில் பொருத்தியிருக்கும் சாமான்களின் பழுது குடியிருப்பவருக்கு. பழைய கீசரை மாட்டி வைத்துவிட்டு ஓனர் கையைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆகிறது. அதனால்தான் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பொருளையும், அதன் வயதையும், பழுதுச் செலவு யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வழக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் போடப்படும், புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் அடுப்பும் ஃபிரிட்ஜும் நல்ல நிலையில் தருவது உரிமையாளரின் கடமை. ஜெர்மனியிலோ பல வாடகை வீடுகளில் அலமாரியும் சிங்க்கும்கூட இருக்காது. குடிவருபவரே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் முன்பு இருந்தவரிடம் விலை பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். நமக்கு இரண்டுமே அப்படியே பொருந்தாது.

என் முடிவு பொருளுக்குப் பொருள் மாறும். சுவரில் ஆணி அடித்து, குழாயிலோ ஒயரிலோ இணைக்க வேண்டியது எதுவானாலும் ஓனர்தான் வைக்க வேண்டும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினை முதலில் சொல்வேன். உப்புத் தண்ணீர் அவர் போட்ட போரிலிருந்து வருகிறது. சிங்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைப் பார்த்தாலே தெரியும். ஃபில்டர் மாற்றுவதைக் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளலாம். புகை போக்கும் ஃபேனும் அப்படியே. அதைவிட முக்கியம் 16 ஆம்ப் பாயிண்ட். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பை 6 ஆம்ப் பாயிண்டில் செருகினால் சாக்கெட் உருகும். பல வீடுகளில் அடுப்படிக்கு இந்த ஒரு பாயிண்ட்கூட இல்லை, இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

மிக்ஸியும் கிரைண்டரும் ஓனர் வைக்கவே வேண்டாம். ஜார் பிளேடு, பெல்ட், கல் எல்லாம் கைக்குக் கை மாறித் தேயும், கடைசியில் பழி யார் மீது என்று தெரியாது. கேஸ் அடுப்பு தனியாக வருபவர்களுக்கு வைக்கலாம், ஆனால் சிலிண்டர் இணைப்பு அவரவர் பெயரில்தான் இருக்க வேண்டும். என் பெயரில் உள்ள சிலிண்டரை மாடிக்கு அனுப்புவதில்லை. ரப்பர் டியூப் புதிதாக மாட்டிய பிறகுதான் சாவி கொடுப்பேன்.

ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒரே பதில் கிடையாது. குடும்பமாக, நாலைந்து ஆண்டுகள் இருக்க வருபவர்களுக்கு வெறும் வீடே லாபம். ஓராண்டுக்காரர்களுக்கு ஃபிரிட்ஜோடு விடலாம், ஆனால் வாடகையைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: வீட்டுக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு. வேண்டாம் என்றால் அந்தத் தொகை கழிய வேண்டும். பொருள் இருக்கிறது என்று சொல்லி அட்வான்ஸைப் பத்து மாத வாடகையாக ஏற்றுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் சட்டமே சொல்கிறது.

ஆடி பிறப்பதற்கு முன் மாடி காலியாகிறது. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டேன், அது நின்ற மூலையில் எலக்ட்ரீஷியன் புதிய பாயிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறார். மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கும் இரண்டு பெண்கள் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ஃபிரிட்ஜ் வேண்டும் என்றார்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்பதை அவர்களையே கடைக்கு அழைத்துப்போய் முடிவு செய்யப்போகிறேன், மாதாமாதம் கரண்ட் பில் கட்டப்போவது அவர்கள்தானே.