மதியப் பீரியடைக் காப்பாற்றுவது எது: பரிசா, ஸ்மார்ட் போர்டா, பங்கு பிரிப்பதா?

காலை பத்து மணிக்கு யார் வேண்டுமானாலும் நன்றாகப் பாடம் நடத்திவிடலாம். சத்துணவு முடிந்து, வெயில் ஏறி, கரண்டும் போயிருக்கிற தருமபுரி மதியத்தில் எட்டாம் வகுப்பைத் தூங்காமல் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. அதற்கு நம் ஆட்கள் பெரும்பாலும் கையிலெடுப்பது மூன்று வழி: பேனா, மிட்டாய், ஸ்டார் என்று பரிசு கொடுப்பது, ஸ்மார்ட் போர்டில் வீடியோவும் வினாடி வினாவும் போடுவது, பாடத்தைத் துண்டு போட்டுப் பிள்ளைகளிடமே நடத்தச் சொல்வது. என் ஓட்டு மூன்றாவதுக்கு, ஆனால் மற்ற இரண்டும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

பரிசுக்கு வேகம் அதிகம். பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்தால் ஜெல் பேனா என்றால் மறுநாளே பாதி வகுப்பு ஒப்பித்துவிடும். யாருக்கும் தானாக ஆசை வராத, திரும்பத் திரும்பச் செய்தே தீர வேண்டிய வேலைக்கு இது சரி. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசு அறிவித்தால்தான் வினை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், சிலருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் அந்தப் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் கொடுத்ததில் அந்தக் கெடுதல் இல்லை. அதனால் பரிசு கொடுப்பதாக இருந்தால் திடீரென்று கொடுங்கள். இன்னொன்று, போட்டி என்று வைத்தால் ஜெயிப்பது எப்போதும் அதே நாலு பேர், கடைசி பெஞ்ச் ரெண்டாவது வாரமே ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.

ஸ்மார்ட் போர்டு பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் கரும்பலகையில் காட்ட முடியாது, அதற்கு அது வேண்டும். மற்றபடி பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருப்பதையே பாடத்தைக் கவனிப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இப்போது மூன்றாவது. இதை எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கினார். வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்தார்கள், கை தூக்கிப் போட்டி போடும் பழக்கம் சண்டையை வளர்த்தது. அவர் பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒருவன் துண்டு மற்றவனிடம் இருக்காது, அதனால் அவன் வாயைத் திறந்தே ஆக வேண்டும், மற்றவர்கள் காது கொடுத்தே ஆக வேண்டும்.

நம் ஊருக்குப் பொருத்தமான பாடம் ஒன்று சொல்கிறேன்: ஃபுளோரைடு, குடிதண்ணீரில் அளவுக்கு மேல் போனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு. நாலு சீட்டு எழுதுங்கள். ஒன்று, நிலத்தடிப் பாறையிலிருந்து அது எப்படிப் போர்த் தண்ணீரில் கரைகிறது. இரண்டு, பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே கறை எப்படிப் பிடிக்கிறது, எலும்புக்கு என்ன ஆகிறது. மூன்று, குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு. நாலு, காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். நாலு நாலு பேராகக் குழு பிரித்து ஆளுக்கொரு சீட்டு. ஒரே சீட்டு வாங்கியவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பி நடத்த வேண்டும். "டேய், தண்ணிய காய்ச்சினா அது போயிடும்னு எங்க பாட்டி சொல்லுது, போகுமா போகாதா?" என்று ஒருத்தன் கேட்பான். போகாது. தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு அதில் இன்னும் கெட்டியாகும். அந்தப் பதிலை வைத்திருப்பவன் அன்றைக்கு வகுப்பில் பெரிய ஆள், வழக்கமாக அவன் வாயே திறக்காதவனாக இருந்தாலும். (பல்லில் கறை உள்ள பிள்ளை இருந்தால் இரண்டாவது சீட்டை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள்.)

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் இதில் இன்னொரு லாபம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, ஒரே சீட்டு வாங்கியவர்கள் கூட்டத்தில் முதலில் அந்த மொழியிலேயே பேசித் தெளிந்துகொண்டு, தன் குழுவில் தமிழில் சொல்லும். முழு வகுப்புக்கு முன்னால் எழுந்து நிற்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

குறையும் உண்டு. சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சீட்டு தயாரிக்க நேரம் பிடிக்கும். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும் பிள்ளைகள் உண்டு, ஒருவன் வராவிட்டால் அவன் துண்டு அந்தக் குழுவுக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட வகுப்பில் ஒரு சீட்டை இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுப்பதுதான் சரி. கடைசியில் தனித்தனியாக எல்லோருக்கும் நாலு துண்டிலிருந்தும் கேள்வி கேட்க வேண்டும். இதை விட்டால் அவரவர் துண்டை மட்டும் படித்துவிட்டு மற்ற மூன்றையும் காற்றில் விட்டுவிடுவார்கள்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் நானும் ஜெல் பேனாவுக்கு மாறிவிடுவேன். அப்போது மிச்சம் இருப்பது ஒப்பிக்க வேண்டியது மட்டும்தான், அதற்குக் குழுவும் சீட்டும் எதற்கு?