18-க்குப் போய் 17-க்கே திரும்பிய கதை

டொயோட்டா 86 கார் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடம் 18 இஞ்ச் ரிம்மில் ஓட்டினேன், அப்புறம் 17-க்கு இறங்கிவிட்டேன். பெரிசு போட்டவன் யாராவது சின்னதுக்கு வருவானா என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

கம்பெனி ரிம் 17 இஞ்ச் விட்டம், 7 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 48 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பொருந்தும் முகம் இத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்). டயர் 215/45, அதாவது அகலம் 215 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம்; மிச்சலின் பிரைமசி எச்பி. இதே டயர் எரிபொருளை மிச்சப்படுத்தும் டொயோட்டா ஹைப்ரிட் காரான பிரியஸுக்கும் வந்திருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் தெரிந்தேதான் அதைப் போட்டார்கள்: பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தால் மிதமான வேகத்திலேயே பின்பக்கம் லேசாக வழுக்கும், ஓட்டுகிறவனுக்குக் கொண்டாட்டம். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. ரிம் உள்ளே ஒளிந்து கிடப்பதுதான் கண்ணை உறுத்தியது.

18 இஞ்ச் விட்டம், எட்டரை இஞ்ச் அகலம், ஆஃப்செட் 35 உள்ள ரிம் வாங்கினேன். ஆஃப்செட் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். அகலம் கூடியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வெளி விளிம்பு 32 மி.மீ. நகர்ந்திருக்கிறது. நிறுத்திவைத்துப் பார்க்க அத்தனை அழகு! ஓட்டினால் வேறு கதை. ரோட்டில் பள்ளத் தடம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங் இழுக்கும். டயர் வாரியடித்த பொடிக்கல்லில் கதவின் கீழ்ப்பக்கப் பெயின்ட் புள்ளி புள்ளியாகப் போயிற்று.

இதைவிடப் பெரிய தொல்லை 90 கி.மீ. வேகத்தில் வந்த அதிர்வு. மூன்று தடவை பேலன்சிங் பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் ரிம்மைக் கழற்றி நடு ஓட்டையை அளந்தேன்: 73.1 மி.மீ. அந்த ஓட்டைக்குள் நுழையும் காரின் ஹப் 56.1. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். விற்றவர் அதைக் கொடுக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அலுமினிய வளையம் வாங்கிப் போட்ட அன்றே அதிர்வு நின்றது.

நட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. சுபாருவோடு சேர்ந்து உருவாக்கிய கார் இது, நட்டும் சுபாரு வழக்கப்படி எம்12 (12 மி.மீ. விட்டம்), புரிக்குப் புரி இடைவெளி 1.25 மி.மீ. பெரும்பாலான டொயோட்டாக்களுக்கு 1.5. "டொயோட்டாதானே" என்று ஒரு கடையில் 1.5 நட்டை இறுக்கும் மெஷினால் ஏற்றினார்கள். நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் ஒன்று காலி. முதல் சில சுற்று கையால்தான் திருக வேண்டும் என்று இப்போது பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.

ஒருநாள் பாத்ரூம் எடை மெஷினில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். என் எடையைக் கழித்தால் டயரோடு 22 கிலோ. பழைய கம்பெனிச் சக்கரம் பதினெட்டரை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை இது. மேட்டில் ஏறித் தூக்கிப்போட்டால் டயர் மறுபடி தரையைப் பிடிக்க நேரமாகிறது. அழகுக்காக மூலைக்கு மூன்றரைக் கிலோ சுமந்திருக்கிறேன்.

இப்போது இருப்பது 17 இஞ்ச் விட்டம், 8 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 42, ஃப்ளோ ஃபார்மிங் முறையில் (சூடான ரிம்மைச் சுழற்றி உருளையால் அழுத்தி மெல்லியதாக்கும் முறை) செய்த ரிம். வெறும் ரிம் 8 கிலோ. டயர் 225/45, மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4. மழையில் பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் பட்டெனத் தெரிகிறது. உண்மையைச் சொன்னால் மாற்றத்தில் பாதிக்கு மேல் டயரின் வேலை. ஒட்டுமொத்த விட்டம் 9 மி.மீ. கூடியதால் ஸ்பீடோமீட்டர் முன்னைவிட ஒன்றரை சதவீதம் போலக் குறைத்துக் காட்டும், பரவாயில்லை. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பார்த்துவிடுங்கள். 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம் தயாரானது. மாட்டிய பிறகு நூறு கி.மீ. ஓட்டிவிட்டு எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை 120 நியூட்டன் மீட்டரில் வைத்து நட்டை இன்னொரு முறை இறுக்கினேன். இரண்டு நட்டு கொஞ்சம் நகர்ந்தன.

குறை இல்லாமல் இல்லை. பிடிப்பு கூடியதில் அந்தப் பழைய லேசான வழுக்கல் காணாமல் போய்விட்டது; பின்பக்கத்தை அசைக்க இப்போது வேகம் நிறைய வேண்டியிருக்கிறது. இந்த டயர் தேய்ந்து முடிந்ததும் 215-க்கே போகலாமா என்று யோசனை. பழைய கம்பெனி ரிம்மை நல்லவேளை விற்கவில்லை.