பனிச்சரிவுக்கு எது முதலில்: டிரான்ஸ்ஸீவரா, காற்றுப் பையா?

மதுரையிலிருந்து ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் மலைச்சரிவுகளுக்குப் பனிச்சறுக்கக் கிளம்புவோர், சரிந்து வரும் பனியில் சிக்கினால் தப்ப எதை முதலில் வாங்குவது என்று கேட்கும் கேள்வி இது. டிரான்ஸ்ஸீவர், புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ கருவி; காற்றுப் பை, முதுகில் மாட்டும் உப்பக்கூடிய பை.

விலை: டிரான்ஸ்ஸீவர் குறைவு. காற்றுப் பை எட்டாத விலை.

வேலை: காற்றுப் பை, கைப்பிடியை இழுத்ததும் உப்பி ஆளைப் பனியின் மேல்மட்டத்தில் வைக்க உதவும், பாறையில் மோதினால் காக்காது. டிரான்ஸ்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும்; மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அதைப் பிடித்துப் புதைந்தவரை நெருங்கலாம். புதைந்தவருக்கு முதல் 15 நிமிடங்கள்தான் உயிர். கூட வந்தவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவரிடமும் டிரான்ஸ்ஸீவர், துழாவுகோல் (பனிக்குள் குத்தி ஆளைத் தேடும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் கட்டாயம்.

பயணம்: வாயு உருளையுள்ள பைக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை.

பழக்கம்: ஒரு டிரான்ஸ்ஸீவரைச் சமிக்ஞை அனுப்பும் நிலையில் சாக்கில் சுற்றி வைகை மணலில் புதையுங்கள், தேடும் நிலையில் உள்ள இன்னொன்றின் திரையில் தூரம் குறையக் குறையக் குனிந்து, அதை மணலோடு ஒட்டி நகர்த்தித் தேடுங்கள்.

குழுவாகப் போகிறவர்களுக்கு டிரான்ஸ்ஸீவர்தான். ஆண்டுதோறும் பனிச்சறுக்குக்குப் போகிறவர் அதன் பிறகு காற்றுப் பை வாங்கலாம். இரண்டும் இருந்தாலும், புதுப்பனி கொட்டிய மறுநாள் 30 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவில் கால் வைக்காதீர்கள்.