லூபான் டேப்பு: கதவு நிலை அளவுக்கு வாங்கலாம், செட்டாக வேண்டாம்

புதுச்சேரி வாஸ்துக் கடை ஒன்றில் ‘சீன முறை வீடு கட்டும் செட்’ என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே நல்ல அளவு, கெட்ட அளவு காட்டும் ஐந்து மீட்டர் லூபான் டேப்பு, சிவப்புத் துணி, எண்கோணக் கண்ணாடி. இதில் காசு கொடுக்கத் தகுந்தது டேப்பு மட்டும்தான்.

நம் ஆசாரிமாருக்கு விஸ்வகர்மா போல, சீனத் தச்சர்களுக்கு லூபான். டேப்பில் வழக்கமான அளவோடு இரண்டு வரிசைக் கட்டங்கள் இருக்கும். மேல் வரிசை வீட்டுக்கு. 42.9 செ.மீ. ஒரு சுற்று, அதில் எட்டுக் கட்டம், கட்டத்துக்கு சுமார் 5.36 செ.மீ. செல்வம், நோய், பிரிவு, தர்மம், பதவி, கொள்ளை, கேடு, மங்கலம் என்று போய், மறுபடி செல்வத்தில் ஆரம்பிக்கும். 1, 4, 5, 8 சிவப்பு, நல்லது. மற்றவை கறுப்பு. எழுத்து சீனம்தான் என்றாலும் நிறத்தை வைத்தே வேலையை முடித்துவிடலாம்.

கீழ் வரிசைக்கு 38.8 செ.மீ. சுற்று, பத்துக் கட்டம். அது கல்லறைக்கும் முன்னோர் பீடத்துக்கும் உரியது. பெட்டியோடு வரும் தாளில் இதைச் சொல்லவே இல்லை, பெரிய குறை. 90 செ.மீ.யில் பாருங்கள்: மேலே செல்வம், கீழே கஷ்டம். இரண்டும் சிவப்பாக விழவேண்டும் என்பவர்கள் உண்டு. வாசலுக்கு மேல் வரிசை போதும்.

அளக்க வேண்டியது உள் அளவு, அதாவது நிலைக்கால்களுக்கு நடுவே உள்ள திறப்பு. இங்கேதான் வேலை கெடுகிறது. பாகூர், நெல்லிக்குப்பம் பக்கம் மூன்றரைக்கு ஏழு நிலை என்றால் பல பட்டறைகளில் அது வெளி அளவு. மூன்றரை அடி, அதாவது 106.7 செ.மீ., தர்மத்தில் விழும் என்று சந்தோஷப்பட்டால், இரண்டு பக்கமும் மூன்று அங்குலக் கால் போக மிஞ்சுவது மூன்றே அடி. 91.4 செ.மீ. செல்வத்தைச் சில மில்லிமீட்டர் தாண்டி நோயில் நிற்கும். மரம் அறுப்பதற்கு முன்பே உள் அளவை எழுதிக் கொடுங்கள்.

உயரத்தில் வேறு சிக்கல். ஏழடி, 213.4 செ.மீ., மங்கலம். தலைவாசலில் கீழ்ப்படி இருப்பதால் படியின் மேலிருந்து அளந்தால் போதும். படியில்லாத அறைக்கதவில் டைல்ஸும் கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறினால் 208.3 செ.மீ. ஆகிவிடும். அது கேடு. முடிந்த தரை மட்டத்தைக் கொத்தனாரிடம் சுவரில் கோடு போட்டு வாங்கிக்கொண்டு, அதிலிருந்து அளக்க வேண்டும்.

மனையடி சாஸ்திரத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். அது அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் பார்ப்பது. நிலைக்கு லூபான் பார்ப்பதால் அது கெடாது.

சிவப்புத் துணி மோட்டுவளைக்கு, அதாவது கூரை உச்சியில் ஓடும் உத்திரத்துக்கு. சீனக் கிராமங்களில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து, உத்திரத்தின் நடுவில் சிவப்புத் துணி கட்டி, வெடி வெடித்து மேலே ஏற்றுவார்கள். தச்சர் மேலிருந்து மிட்டாய், காசு, ஆவியில் வெந்த பன் எல்லாம் வீசுவார். கீழே கூட்டம் பொறுக்கும். நமக்கு வாசக்கால் வைப்பது எப்படியோ அப்படிப் பெரிய நாள் அது. கான்கிரீட் தளம் போடும் வீட்டில் அந்தத் துணியை எங்கே கட்டுவது? ஓட்டு வீடு கட்டுபவர் தவிர யாருக்கும் பயனில்லை, அவருக்கும் ஜவுளிக்கடைத் துணி போதும். கண்ணாடி வாசலுக்கு வெளியே மேலே மாட்டுவது, வீட்டுக்குள் மாட்டக்கூடாது. கடையில் அதைப் பூஜையறைக்கு என்று சொல்லி விற்கிறார்கள்!

டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடும். அது பழுதல்ல. கொக்கியின் தடிமன் அளவுக்கு நகர்ந்தால்தான் உள்ளே முட்டி அளந்தாலும் வெளியே மாட்டி அளந்தாலும் ஒரே கணக்கு வரும், தட்டி இறுக்கிவிடாதீர்கள். உள் அளவு எடுக்கும்போது டேப்பை மடக்காமல், டேப்புப் பெட்டியின் முதுகை எதிர் நிலைக்காலில் ஒட்டிவைத்து, அதில் அச்சிட்ட நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடலூர் முதுநகர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுருட்டுங்கள், இல்லையென்றால் துருவில் சிவப்பு எது கறுப்பு எது என்று தெரியாது.