கண்புரை அறுவைக்குப் பிறகு எந்தக் கண்ணாடி? தனித்தனியாக இரண்டா, பைஃபோக்கலா, ப்ரோக்ரசிவ்வா?

கண்புரை அறுவை முடிந்த சில நாட்களில், தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிகிறது. கையில் இருக்கும் டிக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது தெரிவதில்லை. அறுவை சரியாக நடக்கவில்லையோ என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு, புரை படிந்த லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கப்படுவது ஒரே தூரத்துக்குப் பொருந்தும் செயற்கை லென்ஸ். அதைத் தூரப் பார்வைக்குக் கணக்கிட்டு வைக்கிறார்கள். பிறவியில் வந்த லென்ஸ் இளமையில் செய்ததுபோல அது தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு கிட்டத்துப் பொருளைக் குவித்துக் காட்டாது. ஆகவே படிக்கவும், பூக்கட்டவும், ஊசியில் நூல் கோக்கவும் ஏறத்தாழ ப்ளஸ் இரண்டரை பவர் தனியாக வேண்டியிருக்கிறது. தூரத்துக்குச் சிறிய பவரோ, சிலிண்டரோ (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாததால் வேண்டியிருக்கும் பவர்) மிச்சம் இருந்தால் அதற்கும் கண்ணாடி வேண்டும்.

இந்த இரண்டு தேவைகளையும் எந்த வடிவில் நிறைவேற்றிக்கொள்வது என்பதுதான் கேள்வி. எனக்கு இரண்டு கண்களிலும் அறுவை நடந்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, கடலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தபோது மூன்று வழிகளை எடுத்து வைத்தார்கள்: தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று எனத் தனித்தனியாக இரண்டு கண்ணாடிகள், கீழே வட்டமாகவோ அரைவட்டமாகவோ கோடு தெரியும் பைஃபோக்கல், கோடே தெரியாமல் மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரசிவ். நான் எடுத்தது தனித்தனியாக இரண்டு. காரணம் ஒன்றே ஒன்று. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்; மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

விலை எல்லாருக்கும் தெரிந்த கதை. பைஃபோக்கல் மலிவு. ப்ரோக்ரசிவ் விலைக்கு இரண்டு சாதாரணக் கண்ணாடிகளை வாங்கிவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளலாம். தோற்றத்தில் ப்ரோக்ரசிவ்வுக்குத்தான் முதலிடம். மாற்றி மாற்றிப் போடும் தொல்லை இல்லாதது பைஃபோக்கலும் ப்ரோக்ரசிவ்வும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது காலடி. ப்ளஸ் இரண்டரை பவர் என்றால் அது தெளிவாகக் காட்டும் தூரம் கண்ணிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். நின்றுகொண்டு குனிந்து பார்க்கும்போது நம் பாதம் இருப்பது ஒன்றரை மீட்டர் தள்ளி. பைஃபோக்கலிலும் ப்ரோக்ரசிவ்விலும் படிக்கும் பவர் இருப்பது லென்ஸின் கீழ்ப்பகுதியில். படியில் இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் அந்தக் கீழ்ப்பகுதி வழியாகத்தான் படியைப் பார்க்கிறோம். அப்போது படியின் விளிம்பு கலங்கித் தெரியும். பைஃபோக்கலில் இன்னொரு சங்கடமும் உண்டு: பார்வை கோட்டைக் கடக்கும் நொடியில் பொருள் சட்டென்று இடம் மாறியதுபோலத் தோன்றும். கால் வைக்க வேண்டிய இடம் அங்கேயா இங்கேயா என்று ஒரு கணம் தடுமாற்றம் வரும். கண்ணைத் தாழ்த்தாமல் முகவாய் மார்பில் படும்படி தலையையே குனிந்தால் மேல்பகுதி வழியாகப் பார்த்துவிடலாம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது எளிதல்ல. இந்த வயதில் பலருக்கு அது இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடிப்படி பூசாத சாம்பல் நிறச் சிமென்ட். மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் நிற வித்தியாசமே கிடையாது. துணி காயப்போட்டுவிட்டுக் காலி வாளியோடு இறங்கும்போது விளிம்பு எங்கே முடிகிறது என்பது நிழலை வைத்துத்தான் தெரியும். மாலையில் நிழலும் போய்விடும். கடையில் சோதனைச் சட்டத்தில் பைஃபோக்கல் லென்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் இருந்த மூன்று படிகளை இறங்கிப் பார்த்தேன். இரண்டாவது படியின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தது. தூரப் பவரை மட்டும் போட்டுக்கொண்டு இறங்கினால் அதே ஓரம், சிமென்ட் உடைந்த சிறு வாயோடு, தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே என் முடிவு ஏறத்தாழ முடிந்துவிட்டது.

எங்கள் பகுதியில் நடமாடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கடலூர் – புதுச்சேரி பஸ்ஸின் படிக்கட்டு உயரம். இறங்கும் இடத்தில் தரை சமமாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குள் போனால் வெயிலிலிருந்து மண்டப இருட்டுக்குள் நுழைந்த மறுநொடியே கல் வாசற்படியைத் தாண்ட வேண்டும். புதுச்சேரி குபேர் அங்காடிக்குள் மீன் கடைப் பக்கம் தரை எப்போதும் ஈரம். இங்கெல்லாம் காலடி கலங்கலாகத் தெரிந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இடுப்பெலும்பு முறிந்தால், கண் நன்றாகத் தெரிந்து என்ன பயன்?

இது என் பயம் மட்டும் அல்ல. பைஃபோக்கல், ப்ரோக்ரசிவ் போன்ற பன்முகக் கண்ணாடிகள் முதியவர்களின் விளிம்பைப் பிரித்தறியும் திறனையும் ஆழத்தை உணரும் திறனையும் குறைத்து விழும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலேயே 600-க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஏற்கெனவே பைஃபோக்கலோ ப்ரோக்ரசிவ்வோ அணிந்திருந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு வெளியே நடமாடும்போது அணிவதற்காகத் தூரக் கண்ணாடி தனியாகக் கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே போய்வருகிறவர்களிடம் விழுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது.

அதே சோதனையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதிகம் வெளியே போகாமல் வீட்டோடு இருப்பவர்களிடம் இந்த மாற்றத்துக்குப் பிறகு வெளியிடங்களில் விழுவது கூடியது. பழகிய கண்ணாடியைத் திடீரென்று மாற்றுவதும் ஓர் ஆபத்துதான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நாற்பது வயதிலிருந்தே பைஃபோக்கல் போடுகிறார். அறுவைக்குப் பிறகும் அதையே வாங்கினார். தலையைச் சாய்த்துப் படியைப் பார்ப்பது அவருக்குக் கைவந்த பழக்கம். கோயிலுக்கும் கடைக்கும் தவிர அதிகம் வெளியே போவதில்லை. அவரை மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்த மாட்டேன். அறுவைக்கு முன்பு வரை ஒற்றைப் பவர் கண்ணாடியோ, கண்ணாடியே இல்லாமலோ இருந்தவர்களுக்குத்தான் என் பரிந்துரை.

ப்ரோக்ரசிவ் பற்றி என் சொந்த அனுபவம் குறைவு. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் அதைத்தான் அணிகிறார். மிகுந்த திருப்தியோடு இருக்கிறார். கடையில் கணக்கு எழுதுவது, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது, தட்டில் இருக்கும் பொருளை எடுப்பது என்று நொடிக்கொரு தூரம் மாறும் வேலை அவருடையது. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடு என்று சொல்வது கொடுமை. படிக்கும் பவர், கைநீளத் தூரம், தெரு என்று மூன்றுக்கும் அதில் இடம் உண்டு, பைஃபோக்கலில் இரண்டுதான். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் கோடுகள் வளைவதும், பழகும்வரை தரை மிதப்பதுபோலத் தோன்றுவதும் அவரே சொன்னவை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். உயர்ந்த விலை ப்ரோக்ரசிவ் லென்ஸ்களில் இந்த வளைவு குறைவு என்கிறார்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. ப்ரோக்ரசிவ்வில் கருவிழி இருக்கும் உயரத்தை ஃபிரேமில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்துத்தான் லென்ஸை வெட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்து, மூக்கில் ஃபிரேம் நாலு மில்லிமீட்டர் சரிந்தால் அந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். உப்புக் காற்றில் திருகு துருவேறிக் காது வளைவு தளர்ந்தாலும் அதே கதைதான். ஒற்றைப் பவர் கண்ணாடி கொஞ்சம் சரிந்தாலும் பார்வை பெரிதாக மாறாது. எந்தக் கண்ணாடியானாலும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்தால் முதலில் தண்ணீரில் கழுவுங்கள். மணலும் உப்பும் ஒட்டியிருக்கும்போது முந்தானையால் துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் விழும். கீறல் விழுந்த லென்ஸில் இரவு வண்டி வெளிச்சம் இன்னும் கூசும்.

பவர் மாறும்போது ஆகும் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அறுவையான கண்ணின் பவர் நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. அதற்குள் அவசரப்பட்டு விலையுயர்ந்த லென்ஸ் போடக்கூடாது. ஒரு கண் முடிந்து, இன்னொரு கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறது என்றால் ப்ரோக்ரசிவ் பேச்சையே எடுக்க வேண்டாம். இரண்டாவது கண் முடிந்ததும் அந்தப் பவர் பயனற்றுப் போகும். அந்த இடைக்காலத்தில் இரண்டு கண்களின் பவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கண்ணாடியில் அதைச் சமன் செய்ய முயன்றாலும் இரண்டு பிம்பங்களின் அளவு வேறுபட்டுத் தலைவலியும் இரட்டைக் காட்சியும் வரலாம். அதற்கு என்ன செய்வது என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள். தனித்தனிக் கண்ணாடியில் தூரப் பவர் மட்டும் மாறினால் அந்த லென்ஸை மட்டும் மாற்றினால் போதும் என்ற வாய்ப்பும் சில நேரம் கிடைக்கும்.

நடைபாதையில் விற்கும் ஆயத்தப் படிக்கும் கண்ணாடி நாலாவது வழி. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் வந்து, சிலிண்டர் இல்லாதவர்களுக்கு அது போதும். மாற்றுக்கண்ணாடியாகப் பூஜை அறையில் ஒன்று போட்டு வைக்கலாம். எனக்கு வலக்கண்ணில் சிலிண்டர் இருப்பதால் அதில் எழுத்து நிழலோடு தெரிந்தது.

கண்ணாடிக் கடைக்குப் போகும் முன், கலங்கலுக்குக் காரணம் பவர்தானா என்பதை மருத்துவமனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். அறுவை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பனிமூட்டம் போல மறுபடி மங்கினால், லென்ஸைத் தாங்கும் பின்படலம் தடித்திருக்கலாம். அதை லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்கிறார்கள். எந்தக் கண்ணாடியும் அதற்கு உதவாது. கண் வலி, சிவப்பு, திடீரென்று பார்வை குறைதல், மின்னல் போன்ற ஒளி, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகத் தோன்றுதல், திரை இறங்குவதுபோல ஒரு பக்கம் மறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கோரிமேட்டில் ஜிப்மரும் நம் இரண்டு ஊர்களுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இரண்டு கண்ணாடிகளின் குறையை மறைக்கவில்லை. ஒன்றைத் தேட இன்னொன்று வேண்டியிருக்கிறது. நான் தூரக் கண்ணாடியை எப்போதும் முகத்தில் வைத்துக்கொண்டு, படிக்கும் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். படிக்கும் கண்ணாடியோடு எழுந்து நடப்பதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே கழற்றிவிட்டுத்தான் எழுகிறேன். மாடிப்படி விளிம்பு ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாயிற்று. கண்ணாடிக்குச் செலவழித்ததைவிட அதற்கு ஆன செலவு மிகக் குறைவு, பயனோ வீட்டில் எல்லாருக்கும்.

இந்த ஏற்பாட்டில் நிறைவு பெறாத வேலைகள் அடுக்களையில்தான் இருக்கின்றன. நெத்திலி ஆயும்போது தலையைக் கிள்ளிக் குடலை எடுக்கப் படிக்கும் கண்ணாடி போதும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று நின்றபடி பார்க்கும்போதும், குனிந்து கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போதும் பொருள் இருப்பது இரண்டு கண்ணாடிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தில். படிக்கும் பவரில் பாதி, அதாவது ப்ளஸ் ஒன்றேகால் வாக்கில் ஒரு கண்ணாடி போட்டால் 80 சென்டிமீட்டர் தெளிவாக வரும். கணினி வேலைக்கு அப்படிச் செய்து தருகிறார்கள். அடுத்த பரிசோதனையின்போது அந்தப் பவரைச் சோதனைச் சட்டத்தில் போட்டு, தரையில் புள்ளி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவது கண்ணாடியை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.